பதினாலு முடிச்சு

என்ரை மனிசியைப் பற்றி நான் வெளியிலை ஒருத்தரிட்டையும் குறை சொல்லுறேல்லைப் பிள்ளை. நீங்கள் முன்பின் தெரியாத ஆள், இன்னும் மூண்டு மணித்தியாலத்திலை இந்தப் பஸ்ஸாலை லண்டனிலை இறங்கிப் போயிடுவியள், அதாலை சொல்லுறன். நீங்கள் போனிலை தமிழ் கதைச்சதைக் கேட்டாப் பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கமாட்டன் எண்டுது. எட்டு நாளாச்சு நான் ஒரு மனிசரோடை வடிவாய்க் கதைச்சு.

என்ரை பேர் குலசிங்கம். நோர்விச்சுக்கு அங்காலை, கரட் தோட்டங்கள் இருக்கிற பக்கம்தான் எங்கடை வீடு. கரட்டைக் கழுவிப் பையிலை போடுற இடத்திலை வேலை. அது கிழமை நாளிலை. ஞாயிற்றுக்கிழமை எண்டா நான் முயல் பிடிக்கிறனான்.

சிரிக்காதேங்கோ. சுடுறதுக்குத் துவக்கு இல்லை, நாயும் இல்லை. கீரி விட்டுப் பிடிக்கிறது. கீரி எண்டு நான்தான் சொல்லுறது, இஞ்சத்தை ஆக்கள் ஃபெரட் எண்டுவினம். நீட்டு உடம்பு, கட்டைக் கால், கையுக்கை பிடிச்சா வழுக்கிக்கொண்டு போகும். முயல் வளைக்கு நாலு வாய், ஐஞ்சு வாய் இருக்கும். எல்லா வாயிலையும் சின்னச் சின்ன வலையை விரிச்சுப்போட்டு, ஒரு வாயாலை கீரியை உள்ளுக்கை விட்டா, முயல் பயந்தடிச்சு வெளியிலை பாயும். வலை சுருங்கும். பிடிச்சுச் சாக்குக்கை போட வேண்டியதுதான். தோட்டக்காரருக்கு முயல் எண்டா விசர் பிடிக்கும், எல்லாத்தையும் கடிச்சுத் திண்டுபோடும். அதாலை எங்களை வா வா எண்டு கூப்பிடுவினம். பதினாறு வருசம் பிள்ளை. அந்தப் பக்கத்திலை குலா எண்டு கேட்டுப் பாருங்கோ.

கரைச்சல் எங்கை எண்டா, சிலநேரம் கீரி வெளியிலை வராது. உள்ளுக்கை ஒரு முட்டுச் சந்திலை முயலை மடக்கிக் கொண்டு, திண்டுபோட்டு அங்கையே சுருண்டு படுத்திடும். ஆறடி மண்ணுக்குக் கீழை எங்கையெண்டு தேடுறது? இப்ப எல்லாரும் ஒரு மெசின் வைச்சிருக்கிறாங்கள். கீரியின்ரை கழுத்திலை ஒரு பட்டி. மேலை ஒரு பெட்டியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நடந்தா, கீரி கிடக்கிற இடத்திலை கீக் கீக் எண்டு கத்தும். எத்தினை அடி ஆழம் எண்டும் எழுதிக் காட்டும். பிறகென்ன, சின்னப் பிள்ளையும் வெட்டி எடுக்கும்.

நான் அதை வேண்டேல்லை. என்ரை மச்சான் நித்தியன், மனிசியின்ரை தம்பி, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் "அத்தான் ஒண்டு வேண்டித் தரட்டோ" எண்டு கேப்பான். வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன். காசுக் கணக்கு இல்லை, அவன்தானே வேண்டித் தாறன் எண்டவன். எனக்குத் தெரியும் பிள்ளை, அந்தப் பெட்டி வந்த அண்டைக்கு என்னை ஒருத்தரும் கேக்கமாட்டினம். என்னட்டைக் காது இருக்கு. நெத்தியை மண்ணிலை வைச்சுக் காதைக் குடுத்தா, கீழை நகம் சுரண்டிற சத்தம் கேக்கும். மற்றது நூல்.

நூல் எண்டா, எங்களிட்டை ரெண்டு கீரி. பெட்டை வெள்ளைச்சி. ஆண் ஒண்டு, மாப்பிள்ளை எண்டு பேர், பேருக்கேத்த மாதிரி வேலை குறைவு. வெள்ளைச்சி உள்ளுக்கை நிண்டிட்டா, மாப்பிள்ளையின்ரை கழுத்திலை நூலைக் கட்டி உள்ளுக்கை விடுறது. அவன் மணம் பிடிச்சுக்கொண்டு நேரை அவளிட்டைப் போய் நிப்பான். நூலிலை முழத்துக்கு ஒரு முடிச்சு. எத்தினை முடிச்சு உள்ளுக்கை போயிட்டுது எண்டு எண்ணிறது, வளை போற பக்கமாய் மேலை அத்தினை முழம் அளக்கிறது, அந்த இடத்திலை வெட்டுறது. மெசினும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.

முழம் தெரியும்தானே உங்களுக்கு? முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி மட்டும்.

என்னட்டை எல்லாமாய் நாற்பது வலை. எல்லாம் கையாலை பின்னினது, கடையிலை வேண்டினது ஒண்டும் இல்லை. பின்னினது மனிசிதான், சறோசா. அவ மயிலிட்டி, கடற்கரைப் பக்கம், தகப்பன் வலை பொத்திறதைப் பாத்து வளந்தவ. அவவுக்கு அது ஒரு வேலையே இல்லை, சமைச்சுக்கொண்டே பின்னுவா. ஆனா எந்த அளவிலை பின்னிறது எண்டு சொன்னது நான். கீரியளுக்குச் சாப்பாடு வைக்கிறது, கூடு கழுவுறது, வெள்ளைச்சிக்கு வருத்தம் வந்தா முட்டை மஞ்சள்கரு தீத்துறது, அதுகள் அவதான் பாக்கிறவ. வேட்டைக்கு வரமாட்டா. நான் கூப்பிட்டதும் இல்லை. குளிருக்கை அவ அங்கை என்ன செய்யிறது?

பழைய நூல் உக்கிப்போச்சு. போன ஐப்பசியிலை புது நூல் பந்து ஒண்டைக் குடுத்து, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போடுமப்பா எண்டு சொன்னன். நான் அப்ப ரீ.வி.யிலை கிரிக்கெட் பாத்துக்கொண்டிருந்தனான். அவ குசினியிலை, அடுப்படியிலை இருந்து போட்டுத் தந்தவ. நல்ல வடிவான முடிச்சு. கார்த்திகை, மார்கழி எல்லாம் அந்த நூலைத்தான் பாவிச்சனாங்கள். ரெண்டு முடிச்சு, மூண்டு முடிச்சு, அதுக்கு மேலை போகேல்லை. ஒரு பிழையும் வரேல்லை.

இனித்தான் விசயத்துக்கு வாறன்.

பீற்றர் எண்டு ஒரு தோட்டக்காரன். அவன்ரை ரெண்டு வயலுக்கு நடுவிலை நீட்டுக்கு ஒரு மண்வரம்பு, ஆள் உயரம். அதுக்குள்ளை முழுக்க முயல் வளை. போன சனிக்கிழமைக்கு முதல் சனிக்கிழமை பீற்றர் சொன்னான், "குலா, அந்த வரம்பைத் தட்டிப் பாதை போடப்போறன். திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்கு மண் கிண்டுற மெசின் வருது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஏலுமானதைப் பிடிச்சுக்கொண்டு போ." எனக்கு நல்ல சந்தோசம். பதினாறு வருசத்திலை அவன் வேறை ஒருத்தனையும் அந்தக் காணிக்கை விடேல்லை.

நானும் நித்தியனும் போனம். காலமை பத்து மணிக்கு முன்னமே பதினொரு முயல். அப்பிடி ஒரு நாள் இந்த வருசம் இல்லை. கடைசியாய் வரம்பின்ரை தெற்குப் பக்கத்திலை ஒரு பெரிய வாய். வெள்ளைச்சியை விட்டன். போனா. போனவ போனவதான்.

அரை மணித்தியாலம் பாத்தம். ஒரு மணித்தியாலம் பாத்தம். மழை தூறத் தொடங்கிட்டுது. மற்ற நாளெண்டா நான் பயப்பிடமாட்டன். வளை வாயிலை ஒரு பெட்டியை வைச்சு, வைக்கோல் போட்டு விட்டிட்டு வந்தா, நித்திரை முறிஞ்சு பசிக்கேக்கை தானாய் வந்து பெட்டிக்கை படுத்திருப்பா. ஒரு நாள் எடுக்கும், ரெண்டு நாளும் எடுக்கும். ஆனா திங்கக்கிழமை எட்டு மணிக்கு மெசின். வரம்போடை சேத்து அவளையும் நெரிச்சுப்போடும்.

நித்தியன் சொன்னான், "அத்தான், பீற்றருக்கு ஒரு போன் எடுத்து, ஒரு நாள் பொறுக்கச் சொல்லுவம்."

எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? மெசின் இல்லாமல் பிடிக்கிற ஒரே ஆள் எண்டு அவன் ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி வைச்சிருக்கிறான். நான் இப்ப போன் எடுத்து, பீற்றர், என்ரை கீரியைக் காணேல்லை, உன்ரை வேலையை நிப்பாட்டு எண்டு சொல்லுறதோ? "டேய், பேசாமல் மாப்பிள்ளையை எடு" எண்டன்.

மாப்பிள்ளை போனான். நூல் ஓடுது, ஓடுது. நான் விரலாலை முடிச்சை எண்ணிக்கொண்டிருக்கிறன். எட்டு, ஒம்பது, பத்து. பதினாலிலை நிண்டிட்டுது. ரெண்டு தரம் மெல்ல இழுத்துப் பாத்தன், ஆள் அசையேல்லை. அவளிட்டைப் போயிட்டான் எண்டு விளங்கிட்டுது. பதினாலு முடிச்சு. எனக்குப் போதும். மாப்பிள்ளையை வெளியிலை இழுத்துக் கூட்டுக்கை விட்டன்.

"நூலை உள்ளுக்கை விட்டிருக்கலாம் அத்தான்" எண்டான் நித்தியன். "நூலைப் பிடிச்சுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டிக்கொண்டு போகலாம்."

அவனுக்கு நான் படிப்பிக்க வேண்டிய வேலை, அவன் எனக்குப் படிப்பிக்கிறான். வளை வரம்போடை நேராய்த்தான் போகுது, எத்தினை முழம் எண்டு தெரியும், பிறகு என்னத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து வெட்டுறது? முட்டுக்காலிலை நிண்டு, வாயிலிருந்து பதினாலு முழம் என்ரை கையாலை அளந்தன். அளந்த இடத்திலை மண்வெட்டியைப் போட்டன்.

அதுக்கிடையிலை நித்தியன் நடுவழியிலை ஒரு இடத்திலை காதை வைச்சுக்கொண்டு கிடந்தான். "அத்தான், இஞ்சை ஏதோ சுரண்டிற மாதிரிக் கிடக்குது" எண்டான். "உது நான் வெட்டுற சத்தமடா" எண்டன். காது எண்டிறது எல்லாருக்கும் வாறேல்லை.

வெட்டின மண்ணை எங்கை போடுறது? ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் பீற்றரின்ரை கோதுமை முளைச்சு நிக்குது. முன்னுக்கு நான் நிக்கிறன். பின்னுக்குத்தான் போடவேணும், வளை வாய்ப் பக்கமாய், வரம்புக்கு மேலை. வேறை எங்கை போடுறது, ஆகாயத்திலையோ? போட்டன். நாலடி ஆழம் போய் வளையைக் கண்டன். கையை விட்டா வெறும் வளை. அங்காலையும் இல்லை, இஞ்சாலையும் கை எட்டுற தூரத்துக்கு இல்லை. சரி, கொஞ்சம் உள்ளுக்கை தள்ளிப் போயிட்டாளாக்கும் எண்டு இன்னும் ஒரு முழம் அங்காலை ரெண்டாவது கிடங்கு வெட்டினன். அந்த மண்ணும் பின்னுக்குத்தான்.

அந்த நேரம் பாத்துச் சறோசா போன் எடுக்கிறா. ஒரு மணி இருக்கும். சாப்பிட வரேல்லையோ எண்டு கேட்டா. வெள்ளைச்சி உள்ளுக்கை நிண்டிட்டா, வெட்டுறம் எண்டன்.

"எத்தினை முடிச்சு?" எண்டா.

"பதினாலு. பதினாலு முழம் அளந்துதான் வெட்டினனான், ஆள் இல்லை."

"அப்பா, அந்த முழம்..." எண்டு தொடங்கினவ. கை முழுக்கச் சேறு, போன் வழுக்குது, மழை கொட்டுது, இவ அங்கை சூடான அறைக்கை இருந்துகொண்டு முழத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வாறா. "வைமப்பா போனை" எண்டு கட் பண்ணிப்போட்டன். திரும்பவும் அடிச்சுது. நித்தியன்ரை போனும் அடிச்சுது. எடுக்காதை எண்டு அவனுக்கும் சொன்னன். ஒரு வேலையைச் செய்யேக்கை மனம் அதிலை நிக்கவேணும், ஓமோ இல்லையோ?

மூண்டாவது கிடங்கு. குனிஞ்சு குனிஞ்சு நாரி முறிஞ்சுது பிள்ளை. உண்மையாய்ச் சொல்லுறன், நாலு மணிக்கு இருட்டத் தொடங்கேக்கை எனக்கு அழுகை வந்தது. வாயிலை பெட்டியை வைச்சு, வைக்கோலைப் போட்டு, ஒரு முயலைக் கிழிச்சு மணத்துக்கு வைச்சிட்டு வீட்டை வந்தம். நான் சறோசாவோடை கதைக்கேல்லை. கதைச்சா ஏச வேண்டி வரும் எண்டு பொறுமையாய்ப் போய்ப் படுத்திட்டன்.

திங்கக்கிழமை ஏழரைக்கு அங்கை போறன். மெசின் வந்து நிக்குது. ஆனா ஓட்டுற ஆள் உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறான். பக்கத்திலை பீற்றர். "குலா, உன்ரை மனிசி நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தவ. பன்ரண்டு மணி மட்டும் பொறுக்கச் சொன்னவ, அதுக்கென்ன" எண்டான். முதுகிலை தட்டினான் வேறை. எனக்கு நிண்ட நிலையிலை முகம் கறுத்துப்போச்சு. என்னைக் கேக்காமல்! பதினாறு வருசமாய் நான் கட்டிக் காத்த மரியாதையை ஒரு போனிலை முடிச்சுப்போட்டா.

பெட்டிக்கை பாத்தன். வைக்கோல் குலையேல்லை.

கொஞ்ச நேரத்தாலை நித்தியன்ரை கார் வருது. சறோசா இறங்கிறா. குளிர்ச் சட்டையும் போட்டு, தலையைச் சால்வையாலை மூடிக்கொண்டு. பதினாறு வருசத்திலை அவ அங்கை வந்தது அதுதான் முதல் தரம். மூண்டு கிடங்கையும் பாத்தா. மண் குவியலைப் பாத்தா. பிறகு நேரை வளை வாயடிக்குப் போய்ச் சேத்துக்கை முட்டுக்காலிலை இருந்தா.

"என்னப்பா செய்யிறீர், எழும்பும்" எண்டன்.

அவ முழங்கையை வளை வாயிலை ஊண்டி, கையை நீட்டினா. ஒண்டு. விரல் நுனியிலை முழங்கையை வைச்சா. ரெண்டு. பிள்ளை, அவ ஆள் கட்டை. நாலடி பத்து அங்குலம். நான் ஆறடிக்குக் கிட்ட. கலியாணப் படத்திலையே அவவுக்குக் கீழை ஒரு பலகை போட்டுத்தான் படம் எடுத்தது. அவவின்ரை கையை நான் முப்பத்திரண்டு வருசமாய்ப் பாக்கிறன். அந்தச் சேத்துக்கை நீட்டி நீட்டி வரேக்கைதான் பாத்தன், என்ரை கையிலும் பாக்க நாலு அங்குலம் கட்டை. குசினியிலை இருந்து முடிச்சுப் போட்டது அந்தக் கையாலை. பதினாலு முடிச்சுக்கு நாலு நாலு அங்குலம், நீங்களே பாருங்கோ, கிட்டத்தட்ட ஐஞ்சடி.

பதினொண்டு, பன்ரண்டு. பன்ரண்டிலை மண் குவியல் தொடங்கிட்டுது. அவ நிக்கேல்லை. குவியலைக் கையாலை தள்ளித் தள்ளிப் பதின்மூண்டு வைச்சா. பதினாலு வைச்சா. அது குவியலின்ரை நட்டநடு.

"இஞ்சை" எண்டா.

நித்தியன்தான் வெட்டினவன். மூண்டு கிடங்கு மண், ரா முழுக்க மழை குடிச்ச மண். அதை அள்ளவே அரை மணித்தியாலம் போச்சு. கீழை மணல் கலந்த தரை, வளை அப்பிடியே இடிஞ்சு இறங்கிப்போய்க் கிடந்தது. மழை எண்டா அப்பிடித்தான் இருக்கும், மண் இறங்கும். வெள்ளைச்சி மூக்கை வளை வாய்ப் பக்கமாய் நீட்டினபடி கிடந்தா. வரத்தான் பாத்திருக்கிறா.

சறோசா எடுத்துச் சால்வைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா. மூக்குத் துவாரத்துக்கை இருந்த மண்ணைச் சின்னவிரலாலை எடுத்தா. மெசின் ஓட்டுற வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிக்கிறான். எனக்கு ஏதாவது சொல்லவேணும் போலை கிடந்தது. "உம்மடை கை முழம் எண்டு ஏனப்பா முதலே சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"போன் எடுத்தனான்" எண்டா.

அவ்வளவுதான். ஏசேல்லை, அழேல்லை. அண்டையிலிருந்து எட்டு நாள். சாப்பாடு வைப்பா, உடுப்புத் தோய்ப்பா, மாப்பிள்ளையைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டிருப்பா, என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டா. நித்தியனும் அவவின்ரை பக்கம். லண்டனிலை இருக்கிற மகளுக்கு நான் போன் எடுத்துச் சொன்னா, அவளும் "அப்பா, அம்மாட்டை மன்னிப்புக் கேளுங்கோ" எண்டிறாள். அதுதான் நேரிலை போய் அவளுக்கு விளங்கப்படுத்துவம் எண்டு போறன். ஒரு பக்கக் கதையைக் கேட்டா அப்பிடித்தான் தெரியும்.

அண்டைக்கு அவையள் வெள்ளைச்சியைக் கொண்டுபோனாப் பிறகு நான் அங்கையே நிண்டிட்டன். மெசின்காரன், "விடு, எல்லாத்தையும் நான் ஒரேயடியாய்த் தட்டிப்போடுவன்" எண்டான். வேண்டாம், நான் மூடுறன் எண்டன். மண் அள்ளுற சவளை எடுத்து அந்த மண்ணைத் திருப்பிக் கிடங்குக்கை போட்டன். முதல் சவளைத் தூக்கேக்கை என்னாலை தூக்கேலாமல் கிடந்தது. முதல் நாள் அதைத்தானே தூக்கி எறிஞ்சுகொண்டிருந்தனான், அப்ப பாரம் தெரியேல்லை. அவள் ஒரு கிலோவும் வரமாட்டாள் பிள்ளை. ஒரு கையிலை அடங்குவாள். நான் அவளுக்கு மேலை எத்தினை சவள் போட்டன் எண்டு எண்ணேல்லை. முடிச்சைத்தான் எண்ணினனான். மழை எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன், உங்களுக்கும் சொன்னனான். மழைதான். மழையும்தான்.

பொறுங்கோ, கண்ணைத் துடைச்சுப்போட்டு வாறன்.

ஆனா ஒண்டு பிள்ளை. அவ முதலே சொல்லியிருக்கவேணும். ஐப்பசியிலை நூலைக் கையிலை தரேக்கையே, இது என்ரை முழம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வெள்ளைச்சி இண்டைக்கு இருந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து என்ன பிரயோசனம்? நீங்களே சொல்லுங்கோ. இல்லை இல்லை, முதல் நான் சொல்லி முடிக்கிறன்.